பழைய கம்ப்யூட்டர் போனால் விண்டோஸும் போச்சா? காசு கொடுத்த லைசென்ஸைக் காப்பாற்றும் வழிகள்!

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... வேலூரைச் சுற்றியுள்ள இந்தத் தோல் தொழில் ஊர்களில் பெரிய ஷூ கம்பெனிகளை நம்பி எத்தனையோ சின்னச் சின்ன யூனிட்கள் இயங்குகின்றன. ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், கெமிக்கல் கடை, லாரி புக்கிங் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் என எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். ஜி.எஸ்.டி பில், இ-வே பில், வாரச் சம்பளக் கணக்கு, பி.எஃப் என்று அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்தான்.

அது ஒருநாள் ஆன் ஆகாது. சர்வீஸ் செய்பவர் வந்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு. இந்த மாடலுக்கு போர்டு கிடைக்காது. வேற சிஸ்டம் வாங்கிடுங்க" என்பார். சரி என்று விலை கேட்டால், கடைசியில் ஒரு வரி வரும்: "விண்டோஸுக்குத் தனி."

அங்கேதான் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வருகிறது. 'பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ஏற்கெனவே காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? அதையே புதுசுல போட முடியாதா?'

சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. நீங்கள் எந்த வகை என்பதை, கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துகொண்டால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். தெரியாவிட்டால், ஏற்கெனவே வாங்கியதையே மறுபடி வாங்க வேண்டிவரும். இல்லையென்றால் 500 ரூபாய் 'கீ' வாங்கி ஏமாற வேண்டிவரும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்பவர்களுக்கு அது இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர்.

'அப்படியே விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே' என்றால், பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் போதாது, டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸர் முதல்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் இப்போது நிறையப் பேர் கம்ப்யூட்டரையே மாற்றுகிறார்கள். லைசென்ஸ் கேள்வியும் கூடவே வருகிறது.

'அப்டேட் இல்லாவிட்டால் என்ன, ஓடுகிறவரை ஓடட்டுமே' என்று விடவும் முடியாது. 2017 மே 12-ம் தேதி பரவத் தொடங்கிய வான்னாக்ரை வைரஸ், உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்டவை, அந்த அப்டேட்டைப் போடாத கம்ப்யூட்டர்கள்.

கரன்ட் கனெக்‌ஷனா, கேஸ் கனெக்‌ஷனா?

விண்டோஸ் லைசென்ஸில் முக்கியமாக மூன்று வகை உண்டு. நம் வீட்டு உதாரணத்திலேயே பார்த்துவிடலாம்.

முதல் வகை, ஓ.இ.எம். இது வீட்டு கரன்ட் கனெக்‌ஷன் மாதிரி. சர்வீஸ் நம்பர் அந்த வீட்டோடு ஒட்டியது. நீங்கள் வீடு மாறினால் அதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. வீட்டை விற்றால் வாங்கியவர் பெயருக்கு மாறும், அவ்வளவுதான். கம்பெனி லேப்டாப், பிராண்டட் டெஸ்க்டாப் வாங்கும்போது உள்ளேயே வரும் விண்டோஸ் இந்த வகை. அந்த மெஷினோடு சேர்த்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தனியாகப் பிரித்து வேறு மெஷினில் போட ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது வகை, ரீடெய்ல். இது கேஸ் கனெக்‌ஷன் மாதிரி. ஊர் மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, சீட்டு வாங்கி, புது ஊரில் கொடுத்து இணைப்பைத் தொடரலாம். ஆனால், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. தனியாகப் பெட்டியிலோ, மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் ஸ்டோரிலோ வாங்கிய விண்டோஸ் இந்த வகை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு, புதிதில் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, வால்யூம். இது கம்பெனி குவார்ட்டர்ஸ் கரன்ட் மாதிரி. வேலையில் இருக்கும்வரை பயன்படுத்தலாம். வெளியே வந்தால் உங்களுடையது இல்லை. பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கும் லைசென்ஸ் இது.

உங்களுடையது எது? இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம்

முதலில் பில்லைத் தேடுங்கள். அதில் 'எஃப்.பி.பி' என்று இருந்தால் ரீடெய்ல். 'ஓ.இ.எம்' என்று இருந்தால் மெஷினோடு ஒட்டியது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தனியாகக் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கியிருந்தாலும், அது ஓ.இ.எம் பேக்காக இருக்க வாய்ப்புண்டு.

பில் இல்லையா? கம்ப்யூட்டரிடமே கேட்கலாம். கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு, அதையொட்டி டி, எல், ஐ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு தகவல் பெட்டி வரும். அதில் ரீடெய்ல், ஓ.இ.எம், வால்யூம் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் 7 அல்லது 8-லிருந்து இலவசமாக 10-க்கு மாறிய கம்ப்யூட்டர்களிலும் 'ரீடெய்ல்' என்றே காட்டும். காரணம், அவற்றுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் பொதுவான ஒரு கீயைப் போட்டிருக்கிறது. அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் தெரியும். ஹோம் பதிப்பில் அது 8ஹெச்விஎக்ஸ்7 என்றோ, புரோ பதிப்பில் 3வி66டி என்றோ முடிந்தால், உங்களிடம் இருப்பது அந்தப் பொது கீ. அதைக் குறித்துவைத்துப் பயனில்லை. அப்போது முதலில் வாங்கிய விண்டோஸ் எந்த வகையோ, அதன் விதிதான் செல்லும். ஓ.இ.எம் லேப்டாப்பில் வந்த விண்டோஸ் 7-ஐ மேம்படுத்தியிருந்தால், அது இன்றும் அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான்.

பழைய கேபினெட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் கீயை வைத்துப் புதிய கம்ப்யூட்டரில் 10 அல்லது 11 போடும் பழக்கமும் சர்வீஸ் கடைகளில் இருந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியையும் மூடிவிட்டது.

ரீடெய்ல்தான்... எப்படி மாற்றுவது?

பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை இவை:

1. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போங்கள். (விண்டோஸ் 10 என்றால், அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும்.) 'டிஜிட்டல் லைசென்ஸ், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் வந்தால் நல்லது. கணக்குடன் இணைத்ததாக வராவிட்டால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்த்துவிடுங்கள்.

2. 25 எழுத்து கீ கையில் இருந்தால் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் ஆர்டர் பட்டியலில் பாருங்கள்.

3. பழைய கம்ப்யூட்டரில் கீயை நீக்குங்கள். மேலே சொன்ன அதே கட்டளைதான். கடைசியில் டி, எல், ஐ என்பதற்குப் பதில் யு, பி, கே. இதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை ஒப்படைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. புதிய கம்ப்யூட்டரில் அதே பதிப்பை நிறுவுங்கள். ஹோம் லைசென்ஸுக்கு ஹோம், புரோவுக்கு புரோ. விண்டோஸ் 10 ரீடெய்ல் கீ, விண்டோஸ் 11-ன் அதே பதிப்புக்கும் செல்லும்.

5. கீயைக் கொடுங்கள். ஏற்காவிட்டால், ஆக்டிவேஷன் பக்கத்திலேயே இருக்கும் ட்ரபிள்ஷூட் பட்டனை அழுத்தி, அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். 'சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பழைய கம்ப்யூட்டரின் பெயர் பட்டியலில் வரும். அதைத் தேர்வு செய்தால் லைசென்ஸ் இங்கே வந்துவிடும்.

இதில் பெயர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தவர், அவசரத்துக்குத் தன்னுடைய இமெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படியென்றால் லைசென்ஸ் இணைந்திருப்பது அவருடைய கணக்கில்! வேலையை விட்டுப்போன அக்கவுன்டன்ட்டின் இமெயிலாகவும் இருக்கலாம். இன்றே செட்டிங்ஸைத் திறந்து எந்த இமெயில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால்?

'போர்டுதானே போச்சு, டிஸ்க் நல்லாத்தான இருக்கு. அதைக் கழற்றி புதுசுல மாட்டிட்டா விண்டோஸும் கூடவே வந்துடும்ல?' என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் ஓடவும் கூடும். ஆனால், ஆக்டிவேட் ஆகாது. காரணம், லைசென்ஸ் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டை வைத்துத்தான் மைக்ரோசாஃப்ட் சர்வர் உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் காண்கிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கீயே மதர்போர்டு சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டிக்கர் காணாமல் போனதும் அதனால்தான்.

இன்னொரு ஆபத்து, டிஸ்க் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இருப்பதும் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான். கணக்கு யாருடையது என்று தெரியாவிட்டால், லைசென்ஸ் போவது இருக்கட்டும், உள்ளே இருக்கும் கணக்கு வழக்கெல்லாம் போய்விடும். கணக்கு ஃபைல்களைத் தனியே ஒரு பென்டிரைவிலோ எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிலோ எடுத்துவைப்பது எந்த லைசென்ஸையும்விட முக்கியம்.

எதை மாற்றினால் பிரச்னை இல்லை?

ராம் கூட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடலாம். பவர் சப்ளை, மானிட்டர், கீபோர்டு எல்லாம் மாற்றலாம். இதற்கெல்லாம் புது லைசென்ஸ் தேவையில்லை.

அதே கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் கீ வேண்டாம். நிறுவும்போது 'என்னிடம் புராடக்ட் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய அதே பதிப்பைப் போட்டால் போதும். இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். 'ஃபார்மட் போட்டதற்கு 300, விண்டோஸ் கீக்கு 800' என்று பில் வந்தால் இனி கேள்வி கேளுங்கள்.

ஓ.இ.எம் கம்ப்யூட்டரில் மதர்போர்டு பழுதாகி, தயாரித்த நிறுவனமே அதே மாதிரியான போர்டை மாற்றிக்கொடுத்தால் லைசென்ஸ் தொடரும். வேகம் வேண்டும் என்று நீங்களாகவே வேறு போர்டு போட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது புதிய கம்ப்யூட்டர்.

500 ரூபாய்க்கு ஒரிஜினல் கீயா?

அமெரிக்காவில் விண்டோஸ் 11 ஹோம் 139 டாலர், புரோ 199 டாலர். அந்த விலைப் பொருளுக்கு ஆன்லைனில் சிலர் சில நூறு ரூபாயில் 'ஒரிஜினல் கீ, ஆயுட்கால வாரன்டி' என்கிறார்கள். கீயைப் போட்டால் ஆக்டிவேட்டும் ஆகிறது. பிறகு என்ன?

அப்படி வருபவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீகள் அல்லது உடைத்துப்போட்ட பழைய மெஷின்களின் ஓ.இ.எம் கீகள். தவறாகப் பயன்படுவது தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் அவற்றை முடக்கலாம். அப்போது விற்றவரைத் தேட முடியாது. கிராக் மென்பொருள் போட்டு 'ஆக்டிவேட்' செய்வது அதைவிட மோசம். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு அதை ஓட்டச் சொல்வார்கள். வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம் அது.

சட்டமும் இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தொழில் நடத்துபவர்களுக்கு அந்தச் சலுகை வாதம் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

'காசு கொடுத்தேன், என் பொருள்தானே?'

நியாயமான கேள்விதான். உலக நீதிமன்றங்களையே யோசிக்கவைத்த கேள்வி இது. ஓ.இ.எம் விண்டோஸை கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக விற்ற வழக்கில், ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2000 ஜூலை 6-ம் தேதி மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012 ஜூலை 3-ம் தேதி, ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், நிரந்தரமாக வாங்கிய மென்பொருள் லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்றது. ஒரே நிபந்தனை: விற்றவர் தன் நகலைப் பயன்படுத்தக் கூடாது.

அவை அந்த நாடுகளுக்கான தீர்ப்புகள். நம் உச்ச நீதிமன்றம் 2004-ல் டி.சி.எஸ் வழக்கில், கடையில் விற்கும் மென்பொருளும் 'பொருள்'தான், விற்பனை வரி உண்டு என்றது. 2021 மார்ச் 2-ம் தேதி வந்த இன்னொரு வரி வழக்குத் தீர்ப்பில், மென்பொருள் வாங்குபவருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அல்ல, ஒப்பந்தப்படி பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்று விளக்கியது. எனவே, நம்மூரில் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடப்பதே பத்திரம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

நம் தோல் தொழில் ஊர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியவை. இரண்டு பக்கமும் ஐ.டி நகரங்கள் என்பதால், அங்கே கழித்த கம்ப்யூட்டர்களை வாங்கிவருவது சுலபம். பிராண்டட் மெஷின் என்றால் ஓ.இ.எம் லைசென்ஸ் அதோடு சேர்ந்தே உங்களுக்கு வந்துவிடும். அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் இன்டர்நெட்டில் இணைத்து, ஆக்டிவேஷன் பக்கத்தையும், மேலே சொன்ன கட்டளையையும் கடையிலேயே பாருங்கள். 'வால்யூம்' என்று வந்தால், அது பழைய கம்பெனியின் லைசென்ஸ் அல்லது கிராக். மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஓ.இ.எம் விண்டோஸைச் சுத்தமாகத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். புராசஸர் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதா என்றும் கேட்டுவிடுங்கள்.

டேலி என்னவாகும்?

கணக்கு எழுதுபவர்களின் அடுத்த கவலை இது. டேலியில் லைசென்ஸை 'சரண்டர்' செய்யும் வசதி உண்டு. பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்துவிட்டு, அதே சீரியல் நம்பரைப் புதிதில் ஆக்டிவேட் செய்யலாம். ஷூ பேட்டர்ன் போடும் மென்பொருள்களில் யு.எஸ்.பி டாங்கிள் வைத்தவை இருந்தால், டாங்கிளைக் கழற்றிப் புதிதில் செருகினால் லைசென்ஸும் கூடவே வரும். டாங்கிள் தொலைந்தால் லைசென்ஸே தொலைந்த மாதிரி. அதைப் பீரோ சாவி மாதிரி பாதுகாக்க வேண்டும்.

லைசென்ஸ் தலைவலியே இல்லாத வழி

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போட வேண்டாம். லினக்ஸ் போடலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாம் இலவசம். ஒரு பென்டிரைவில் எடுத்து எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கும் கொடுக்கலாம். கொடுப்பதற்கு அனுமதிப்பதே அதன் லைசென்ஸ்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பிரவுசரில் செய்யும் வேலைகள், லெட்டர் டைப் செய்வது, பிள்ளைகள் படிப்பது எல்லாவற்றுக்கும் லினக்ஸ் போதும். ஆனால், டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அதனால் கணக்குக்கு ஒரு விண்டோஸ் மெஷின், மற்றவற்றுக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்வது சின்ன யூனிட்களுக்குக் கட்டுப்படியாகும்.

இன்றே செய்ய ஐந்து வேலைகள்

* விண்டோஸ் லைசென்ஸ் எந்த வகை என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* எந்த இமெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். அது உங்களுடையதாக இருக்கட்டும்.
* 25 எழுத்து கீ, பில் இரண்டையும் போட்டோ எடுத்துவையுங்கள்.
* டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.
* கணக்கு ஃபைல்களுக்கு வாரம் ஒருமுறை பேக்கப் எடுங்கள்.

அடுத்த முறை புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த விண்டோஸ் ரீடெய்லா, ஓ.இ.எம்மா?" நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மெஷின் மாற்றுபவருக்கு, விலை கூடினாலும் ரீடெய்ல்தான் லாபம். ஒரே மெஷினைக் கடைசிவரை ஓட்டுபவருக்கு ஓ.இ.எம் போதும். எதுவானாலும் பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.